புல்வெட்டி முதல் ஜெனரேட்டர் வரை: பெட்ரோல் இயந்திரங்களை ஓட்டாத நாட்களில் பத்திரப்படுத்துவது எப்படி

போன பருவத்தில் ஒரே இழுப்பில் கிளம்பிய புல்வெட்டி. கடைசியாக வெட்டி முடித்ததும் துடைத்து, மூலையில் நிறுத்தி, மேலே ஒரு துணியும் போர்த்தியாகிவிட்டது. நான்கு மாதம் கழித்து எடுத்துக் கயிற்றை இழுத்தால் சத்தமே இல்லை. இருபது தடவை இழுத்த பிறகு லேசாக ஓர் இருமல், அவ்வளவுதான். உடனே பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம், ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்ப்போம். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. டேங்கின் அடியில் மிச்சம் விட்ட அரை லிட்டர் பெட்ரோலில்தான் இருக்கும்.

இந்தச் சின்ன இன்ஜின்கள் ஓடித் தேய்வதைவிட, பெட்ரோலோடு சும்மா நின்று கெடுவதுதான் அதிகம் என்பதைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். புல்வெட்டி, பிரஷ் கட்டர், செயின்சா, இலை ஊதும் புளோவர், பவர் ஸ்பிரேயர், ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கடைசியாகப் பயன்படுத்திய அன்றே ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அடுத்த முறை கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார வேண்டியிராது. எதை, ஏன், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன். வரிசை முக்கியம், இடம் மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

நிற்கும் பெட்ரோலுக்குள் என்ன நடக்கிறது

பெட்ரோல் ஒரே ஒரு பொருள் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஹைட்ரோகார்பன்கள் கலந்தது. அவற்றில் பியூட்டேன், பென்டேன் போன்ற லேசானவைதான் குளிர்ந்த இன்ஜின் சட்டென்று பற்றிக்கொள்ள உதவுகின்றன. பென்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே பெட்ரோல் நிற்கும்போது முதலில் பறந்துபோவது இவைதான். டேங்க் மூடியில் காற்று போய்வர ஒரு சிறு வழி இருக்கும். பகல் வெப்பத்தில் அதன் வழியே ஆவி வெளியேறும். இரவு குளிரும்போது ஈரக்காற்று உள்ளே வரும். டேங்க் தினமும் ஒரு முறை மூச்சு இழுத்து விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாற்றம் ஆக்சிஜனால் வருகிறது. பெட்ரோலில் உள்ள சில சேர்மங்கள் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து பிசினாகின்றன. டேங்கில் இது கண்ணுக்குத் தெரியாது. கார்புரேட்டரில் நன்றாகவே தெரியும். அதன் கிண்ணத்தில் நிற்பது கொஞ்சம் பெட்ரோல்தான். அது ஆவியாகி வற்றினால் பழுப்பு நிற வார்னிஷ் போல ஒரு படலம் மட்டும் மிஞ்சி இறுகிக்கொள்ளும். மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் தரும் ஜெட்டின் துளை பல இன்ஜின்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அடைக்க அந்தப் படலமே போதும்.

மூன்றாவது எத்தனால். இன்று விற்கும் பெட்ரோலில் பெரும்பகுதி எத்தனால் கலந்ததுதான். எத்தனாலுக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. 10 சதவீதம் எத்தனால் உள்ள ஒரு லிட்டர் பெட்ரோல், சுமார் 15 டிகிரி வெப்பநிலையில் ஏறக்குறைய 5 மில்லி தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் தண்ணீர் சேர்ந்தாலோ, வெப்பநிலை இன்னும் இறங்கினாலோ, எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். இன்ஜினுக்குப் பெட்ரோலை எடுக்கும் குழாயின் வாயும் அதே அடியில்தான் இருக்கிறது. அந்தக் கலவை அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். பழைய ரப்பர் டியூபுகளை ஊதவைத்து வெடிப்பு விடவைக்கும்.

செயின்சா, பிரஷ் கட்டர் போன்ற கைக்கருவிகளில் பெரும்பாலும் இருக்கும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் இந்தப் பிரிவு இன்னும் ஆபத்தானது. அதற்குத் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனைக் காக்கிறது. எத்தனால் பிரியும்போது ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், கீழ் அடுக்கில் ஆயிலே இருக்காது. அந்தக் கீழ் அடுக்கை உறிஞ்சி ஓடும் இன்ஜின் வறண்டு ஓடுகிறது. எனக்கு ஒரு நல்ல பிரஷ் கட்டர் இப்படித்தான் போனது. ஆறு மாதம் நின்ற கலவையை மாற்றாமல் கிளப்பினேன்; கிளம்பியது, இரண்டு நிமிடம் முக்கிக்கொண்டு ஓடியது, பிறகு கயிறு இறுகிப்போய் நின்றுவிட்டது. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் பக்கவாட்டில் நீள நீளமாகக் கீறல்கள். இரண்டு கைப்பிடி பெட்ரோலைக் கீழே கொட்ட மனமில்லாமல் ஒரு முழு இன்ஜினை இழந்தேன்.

அப்படியானால் எவ்வளவு நாள் தாங்கும்? எதுவும் சேர்க்காத பெட்ரோலை டேங்கில் 30 நாளுக்கு மேல் விடாதீர்கள் என்றுதான் பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. நன்றாக மூடிய கேனில், நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் ஓட்டலாம். வெயில் படும் தகரக் கொட்டகையில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

பாதிப் பிரச்சினை வாங்கும்போதே தீரும்

ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பல தொல்லைகள் வராது. பெரிய கேனில் ஒரேயடியாக வாங்கி வைப்பது வசதியாகத் தோன்றும். ஆனால் பாதி காலியான கேனில் பெட்ரோலுக்கு மேலே நிற்பது முழுக்கக் காற்றும் ஈரமும்தான். 5 லிட்டர் கேன் ஒரு சாதாரண தோட்டத்துக்குத் தாராளம்.

கேன் பெட்ரோலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலோ, சமையல் எண்ணெய் வந்த டப்பாவோ கூடவே கூடாது. அவை மெல்ல நெகிழ்ந்து கசியும். அதைவிடப் பெரிய ஆபத்து, பானம் என்று நினைத்து யாராவது, குறிப்பாகக் குழந்தைகள், எடுத்துக் குடித்துவிடுவது. நிரப்பும்போது கேனை வண்டியில் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து, குழாயின் முனை கேன் வாயைத் தொட்டபடி இருக்க நிரப்புங்கள். நிலைமின்சாரப் பொறி பாயாமலிருக்க இது. கழுத்து வரை நிரப்பவும் வேண்டாம். 20 லிட்டர் பெட்ரோல் 25 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை லிட்டர் விரிவடையும். அதற்கு இடம் வேண்டும். இருபதில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.

வாங்கிய தேதியை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி கேனில் ஒட்டுங்கள். டூ-ஸ்ட்ரோக் கலவை என்றால் விகிதத்தையும் எழுதுங்கள். சாதாரண பெட்ரோலும் கலவையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடத்தில் இது மிக முக்கியம். கலவையில்லாத பெட்ரோலை செயின்சாவில் ஊற்றிவிட்டால் அது சில நிமிடங்களில் பிஸ்டனைத் தின்றுவிடும்.

கலவைக் கணக்கு: 50:1 என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி ஆயில், 40:1 என்றால் 125 மில்லி, 25:1 என்றால் 200 மில்லி. உங்கள் இயந்திரத்துக்கு எது என்பது கையேட்டிலும், பல இயந்திரங்களில் டேங்க் மூடியிலும் போட்டிருக்கும். குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவு போட்ட குப்பியில் அளந்து ஊற்றுங்கள். கலந்த பெட்ரோலுக்கும் அதே ஒரு மாதக் கெடுதான். டேங்கில் ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் கேனை நன்றாகக் குலுக்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அளவுக்கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழலில் 10 மில்லி தண்ணீர் விட்டு, 100 வரை பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் நிற்கும் தண்ணீர் 10 மில்லியிலேயே இருந்தால் எத்தனால் இல்லை. 18, 19 என்று ஏறியிருந்தால் ஏறத்தாழ 10 சதவீதம் இருக்கிறது. பெரும்பாலான சிறு இன்ஜின்களுக்கு 10 சதவீதம்தான் வரம்பு. உங்கள் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால், நீண்ட நாள் நிற்கும் இயந்திரங்களுக்கு அதையே வையுங்கள். விலை கூடிய, ஆக்டேன் எண் அதிகமுள்ள பெட்ரோல் நீண்ட நாள் கெடாது என்று சிலர் நம்புகிறார்கள். ஆக்டேன் எண்ணுக்கும் கெடாமல் இருப்பதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எத்தனால் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

சில இடங்களில் டப்பாவில் அடைத்து விற்கும் ஆல்கைலேட் பெட்ரோல் கிடைக்கும். அதில் எத்தனாலும் இல்லை, பிசினாகும் சேர்மங்களும் மிகக் குறைவு. முத்திரை உடைக்காவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். விலை பல மடங்கு. எல்லா வேலைக்கும் அதை ஊற்றுவது கட்டாது. ஆனால் வருடத்தில் நாலு நாள் மட்டும் எடுக்கும் செயின்சாவுக்கு அதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

வற்றவைப்பதா, மருந்து சேர்த்து நிரப்பி வைப்பதா?

இதில் இரண்டு கட்சி உண்டு. பெட்ரோலைக் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் என்ற திரவத்தைச் சேர்த்து டேங்கை நிரப்பி வை என்கிறது ஒன்று. சொட்டு விடாமல் வடித்துவிடு என்கிறது மற்றொன்று. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது.

ஸ்டெபிலைசர் ஆக்சிஜன் வினையைத் தாமதப்படுத்தும். புதிய பெட்ரோலில் சேர்த்தால் பல மாதங்கள் கூடுதலாகத் தாங்கும். ஆனால் கெட்டதை நல்லதாக்காது. மூன்று மாதப் பழைய பெட்ரோலில் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்தால் ஏமாற்றம்தான். பிரிந்துபோன எத்தனாலையும் அது மறுபடி சேர்த்து வைக்காது. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: டேங்கில் ஊற்றினால் மட்டும் போதாது, பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டி அந்தக் கலவை கார்புரேட்டர் வரை போய்ச் சேரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் டேங்க் பத்திரமாக இருக்கும், ஜெட் அடைத்துக்கொள்ளும்.

நான் வைத்திருக்கும் வழக்கம் இது. ஒரு மாதத்துக்குள் மறுபடி எடுப்பேன் என்றால் ஒன்றும் செய்வதில்லை. ஒன்றிலிருந்து மூன்று மாதம் என்றால் புதிய பெட்ரோலில் ஸ்டெபிலைசர் சேர்த்து, டேங்கை ஏறக்குறைய முழுக்க நிரப்பி, ஓட்டி, பெட்ரோல் வால்வு இருந்தால் மூடிவிடுவேன். அதற்கு மேல் என்றால் வடித்துவிடுவேன். டூ-ஸ்ட்ரோக் கருவிகளை எத்தனை நாளானாலும் வடித்தே வைப்பேன். அவற்றின் டேங்க் சிறியது, வடிக்க ஐந்து நிமிடம் போதும். இரும்பு டேங்க் உள்ள பழைய ஜெனரேட்டர் மட்டும் விதிவிலக்கு. காலியாக வைத்தால் உள்சுவரில் ஈரம் படிந்து துருப்பிடிக்கும் என்பதால், அதை ஸ்டெபிலைசர் சேர்த்த பெட்ரோலால் நிரப்பி, கார்புரேட்டரை மட்டும் வற்றவைப்பதுதான் சரி.

புல்வெட்டியும் மற்ற ஃபோர்-ஸ்ட்ரோக் இயந்திரங்களும்

எல்லாவற்றையும் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய அறையில் இரண்டு நிமிடம் ஓட்டினாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது.

1. இன்ஜின் ஆறியிருக்கும்போது டேங்கை வடியுங்கள். கையால் அழுத்தும் சிறு உறிஞ்சு பம்ப் வசதியானது. வாயால் உறிஞ்சவே கூடாது. பெட்ரோல் ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து.

2. மிச்சமிருக்கும் பெட்ரோலில் இன்ஜினைக் கிளப்பி, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். அணைந்ததும் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் விசை) போட்டு மறுபடி கிளப்புங்கள். இனி கிளம்பவே கிளம்பாது என்ற நிலை வரும்வரை இதைச் செய்ய வேண்டும். இன்ஜின் சூடாவதால் அடுத்த வேலைக்கும் இது உதவும்.

3. ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இதற்குப் பிறகுதான் கத்திப் பக்கம் கை போக வேண்டும். பிளேடைக் கையால் சுற்றினாலே இன்ஜின் ஒரு வெடி வெடிக்கக்கூடும், விரல் போய்விடும்.

4. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சிய சொட்டுகளைக் கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். தானாக அணையும்வரை ஓட்டினாலும் இங்கே கொஞ்சம் நிற்கத்தான் செய்யும்; ஜெட்டை அடைப்பதும் இந்த மிச்சம்தான். குப்பியில் பிடித்ததை வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. அடியில் தனி அடுக்கோ துருத்தூளோ தெரிந்தால் டேங்கையும் கழுவ வேண்டும். போல்ட்டை மாட்டும்போது வாஷர் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அளவாக இறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் கிண்ணத்தின் விளிம்பு வளைந்து கசியும்.

5. சூடு இருக்கும்போதே இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். ஓடிய ஆயிலில் எரிப்பின் கழிவாக அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். அதோடு மாதக்கணக்கில் நின்றால் பேரிங்குகளை அது தின்னும். பல புல்வெட்டிகளில் ஆயிலை வடிக்க இயந்திரத்தையே சாய்க்க வேண்டும். டேங்கை முதலில் காலி செய்யச் சொன்னது இதற்காகவும்தான். சாய்க்கும்போது ஆயில் ஊற்றும் குழாய் மட்டும் கீழ்ப்பக்கம் போனால் போதும். ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் கீழ்ப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் ஆயில் ஃபில்டரை நனைத்துவிடும்.

6. பிளக்கைக் கழற்றி, துளை வழியே ஒரு மேசைக்கரண்டி புதிய ஆயில் விட்டு, துளைமேல் ஒரு துணியை வைத்துக்கொண்டு கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுங்கள். சிலிண்டர் சுவர் முழுக்க ஆயில் பூசிக்கொள்ளும். பிளக் கறுத்தோ தேய்ந்தோ இருந்தால் புதிது போடுங்கள். பிளக்கை மாட்டிய பின், கை இறுக்கத்தை உணரும் இடம்வரை கயிற்றை இழுத்து அங்கேயே நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது.

7. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டருக்கு ஆயிலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தட்டிப் பார்த்து அழுக்குப் போகாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

8. கடைசியாகச் சுத்தம். கத்தியை மூடியிருக்கும் தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் புல்லை மரத்துண்டால் சுரண்டுங்கள். காய்ந்த புல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை அரிக்கும். சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விப்புத் தகடுகளுக்கு இடையே இருக்கும் குப்பையை பிரஷால் எடுங்கள். அந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது, அந்தத் தகடுகள்தான் எல்லாம். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதை நான் விரும்புவதில்லை. பேரிங்கிலும் கேபிளிலும் ஈரம் போய் உட்கார்ந்துகொள்ளும். கத்தியில் லேசாக ஆயில் தடவுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஓர் அட்டையில் 'டேங்க் காலி, ஆயில் புதிது, பிளக் வயர் கழற்றியிருக்கிறது' என்று எழுதிக் கைப்பிடியில் கட்டுங்கள். தேதியும் போடுங்கள். ஆயில் வடித்துவிட்டு ஊற்ற மறந்த இயந்திரத்தை வீட்டில் வேறு யாராவது எடுத்து ஓட்டிவிடும் விபத்து உண்மையிலேயே நடக்கிறது.

டூ-ஸ்ட்ரோக் கருவிகள்

ஆயில் மாற்றும் வேலை இல்லாததால் இது சுருக்கமாக முடியும். கலவையை வடியுங்கள். பிரைமர் பல்பு (கிளப்பும் முன் பெட்ரோலை இழுக்க விரலால் அழுத்தும் குமிழ்) இருந்தால் அதில் பெட்ரோல் வராமல் வெறும் காற்று வரும்வரை அழுத்தி, அப்போது வெளிவருவதையும் வடித்துவிடுங்கள். பிறகு கிளப்பி மெதுவோட்டத்திலேயே அணையவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி முழு வேகத்தில் வற்றவைக்காதீர்கள். பெட்ரோல் குறையக் குறைய ஆயிலும் குறைகிறது, அந்தச் சில நொடிகளில் சிலிண்டர் வறண்டு சூடேறும்.

இவற்றின் கார்புரேட்டரில் கிண்ணம் கிடையாது. டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு ஒன்று பெட்ரோலை இழுத்துத் தள்ளும். வற்றவைத்தால் அந்த டயாஃப்ரம் காய்ந்து விறைத்துவிடும், நனைந்தே இருக்கட்டும் என்பார்கள் சிலர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எத்தனால் கலந்த பழைய பெட்ரோலில் ஊறிக் கிடப்பது அதைவிடக் கேடு. என் முடிவு: சாதாரண பெட்ரோல் என்றால் வற்றவையுங்கள். ஆல்கைலேட் பெட்ரோல் கிடைத்தால், கடைசிப் பத்து நிமிடம் அதில் ஓட்டி, அப்படியே நனைந்தபடி வையுங்கள். டயாஃப்ரமும் இளகியே இருக்கும், ஜெட்டும் சுத்தமாக இருக்கும்.

பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டிவிடுங்கள்.

செயின்சாவுக்குச் சில தனி வேலைகள் உண்டு. செயினையும், அது சுற்றி ஓடும் நீளத் தகடான பாரையும் கழற்றுங்கள். பாரின் பள்ளத்தில் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாக இறுகியிருக்கும். மெல்லிய கம்பியால் அதை வழித்தெடுத்து, எண்ணெய்த் துளையையும் குத்தி விடுங்கள். செயினைச் சுத்தம் செய்து ஆயிலில் ஊறவையுங்கள். செயின் ஆயில் டேங்கையும் காலி செய்ய வேண்டும். தாவர எண்ணெயிலிருந்து செய்த செயின் ஆயில் பயன்படுத்துபவர்கள் இதை விடவே கூடாது. நின்றால் அது பிசுபிசுத்து ஆயில் பம்பையே இறுக்கிவிடும்.

பிரஷ் கட்டரின் முனையிலுள்ள கியர் பெட்டியின் திருகைக் கழற்றி கிரீஸ் பாருங்கள். நைலான் கயிறு காய்ந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். மறுபடி எடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் இளகிவிடும். பவர் ஸ்பிரேயர் என்றால் மருந்துத் தொட்டியையும் குழாயையும் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை ஓட்டிக் கழுவி வையுங்கள்.

ஜெனரேட்டரும் பம்பும்

அதிகம் நின்று, அவசரத்துக்கு உடனே ஓட வேண்டிய இயந்திரம் ஜெனரேட்டர்தான். அதனால் அதை வற்றவைத்து மறந்துவிடுவது பலருக்குச் சரிப்படாது. மாதம் ஒரு முறை 15, 20 நிமிடம் ஓட்டுங்கள், வெறுமனே இல்லாமல் விளக்கோ விசிறியோ சுமை கொடுத்து. இன்ஜின் சரியான சூட்டுக்கு வரும், ஈரம் வெளியேறும். மின்சாரம் உண்டாக்கும் பகுதிக்கும் இது நல்லது. வருடக்கணக்கில் சும்மா நின்ற ஜெனரேட்டரில் எஞ்சியிருக்கும் காந்தத்தன்மை மங்கி, இன்ஜின் ஓடியும் மின்சாரம் வராமல் போவதுண்டு. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சாவியைத் திருப்பாமல் பெட்ரோல் வால்வை மூடி நிறுத்துங்கள். கார்புரேட்டர் தானாகவே வற்றிவிடும்.

எலக்ட்ரிக் ஸ்டார்ட் உள்ளவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, முழு சார்ஜில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். தண்ணீர் பம்ப் என்றால் அடித் திருகைக் கழற்றி உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

எங்கே வைப்பது

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது மேலே போகாது. தரையோடு தரையாகத் தவழ்ந்து அறையின் மறுமூலைக்கும் போகும். அங்கே எரிவாயு ஹீட்டரின் சிறு சுடரோ, ஸ்விட்சின் பொறியோ இருந்தால் போதும். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில்கூடப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். ஆகவே குளிர்ச்சியான அறைதானே என்ற தைரியம் வேண்டாம். கேனையும் பெட்ரோல் உள்ள இயந்திரத்தையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள தனிக் கொட்டகை, நேர் வெயில் படாத மூலை, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம், இவை போதும். சூடான இன்ஜினை உள்ளே தள்ளி மூடுவதும் தவறு. முழுக்க ஆறட்டும்.

பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி வைப்பதைப் பலரும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். உள்ளே வியர்த்து, துருப்பிடிக்கவே அது வழி செய்யும். காற்றுப் புகும் துணி போதும். எலிகள் ஏர் ஃபில்டர் பெட்டியிலும் சைலன்சரிலும் கூடு கட்டும். துளைகளில் துணி திணித்தால், அதை எடுக்க நினைவூட்டும்படி அட்டையில் எழுதிவிடுங்கள்.

மறுபடி எடுக்கும் நாள்

புதிய பெட்ரோல் ஊற்றுங்கள், ஆயில் அளவைப் பாருங்கள், டியூபுகளை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். பிளக் வயரை மாட்டி, பிரைமர் பல்பை அழுத்தி, சோக் போட்டு இழுங்கள். சிலிண்டரில் விட்ட ஆயில் எரிவதால் முதல் ஒரு நிமிடம் வெள்ளைப் புகை வரும். பயப்பட வேண்டியதில்லை.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்றால் ஜெட் அடைத்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். வேகம் ஏறி ஏறி இறங்குவதும் அதே நோய்தான். கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை வெளியே எடுத்து, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தடித்த கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மெல்லிய ஒற்றைச் செப்பு இழை போதும். டூ-ஸ்ட்ரோக்கில் இதே அறிகுறி தெரிந்தால் சோக்கிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்யத் துணியாதீர்கள், பிஸ்டன் போய்விடும். அதில் டயாஃப்ரமும் விறைத்திருக்கலாம். டயாஃப்ரம் செட் தனியாகக் கிடைக்கும். டேங்குக்குள் டியூபின் நுனியில் தொங்கும் சிறு ஃபில்டரையும் கொக்கிக் கம்பியால் வெளியே இழுத்து மாற்றுங்கள். கிளம்பவைக்கும் ஸ்பிரேயை டூ-ஸ்ட்ரோக்கில் அடிக்க வேண்டாம், அதில் ஆயில் இல்லை.

நன்றாகக் கிளம்பி, பத்து நிமிடத்தில் அணைந்து, சற்று நேரம் கழித்து மறுபடி கிளம்பினால் டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் அதுதான் காரணம்.

வடித்த பெட்ரோலை என்ன செய்வது

கண்ணாடிக் குப்பியில் பாருங்கள். இளமஞ்சளாக, வழக்கமான வாசனையோடு, ஒரே அடுக்காக இருந்தால், ஆயில் கலக்காத அந்த ஒன்றிரண்டு லிட்டரைக் காரின் முக்கால் நிறைந்த டேங்கில் ஊற்றித் தீர்த்துவிடலாம். கறுத்த தேன் நிறமாகி, புளித்த வார்னிஷ் வாசனை அடித்தாலோ, அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ எந்த இன்ஜினிலும் ஊற்றாதீர்கள். சாக்கடையிலும் மண்ணிலும் கொட்டக் கூடாது, நிலத்தடி நீருக்குப் போய்விடும். தீ மூட்டவும் பயன்படுத்தாதீர்கள். தீக்குச்சி உரசும் முன்பே ஆவி உங்கள் காலைச் சுற்றி நின்றிருக்கும். மூடிய பெட்ரோல் கேனில் 'பழைய பெட்ரோல்' என்று எழுதி, அபாயகரமான கழிவுகளை வாங்கும் இடத்திலோ, கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் கேட்டுக்கொண்டோ ஒப்படையுங்கள். வடித்த இன்ஜின் ஆயிலையும் அங்கேயே கொடுக்கலாம், ஆனால் இரண்டையும் ஒரே கேனில் கலக்காமல் தனித்தனியாகக் கொண்டுபோங்கள்.